நிறத்துக்கு ஒரு கட்டம்

நான் ஆறாவது படிக்கும்போது பருவங்களைப் பற்றி ஒரு பாடம் வந்தது. அக்டோபர் வாக்கில் வரும் இலையுதிர் காலத்தில் மரங்கள் எல்லா இலைகளையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும் என்று போட்டிருந்தது. பக்கத்தில் மஞ்சள் இலைகளோடு ஒரு படம். வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரியும். சித்திரை வெயிலில் வெறும் பாறைக் குவியலாகக் கிடந்த மலை, அந்த ஐப்பசியில் இடுக்குக்கு இடுக்கு பச்சை பிடித்து நின்றது. பாடம் ஒன்று சொல்கிறது, மலை ஒன்று சொல்கிறது. பரீட்சையில் பாடம் சொன்னதையே எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். வீட்டில் யாரிடம் போய்க் கேட்பது? எங்கள் வீட்டில் பெரியவர்கள் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை.

இப்போது எனக்கு இருபத்தாறு வயது. அந்தக் கேள்வியை யாராவது மறுபடி கேட்டால் என் சொந்தப் பதிலை எழுதுவேன். ஐப்பசி, செஞ்சியில் இலை முளைக்கிற காலம். கோட்டைக்குப் போகும் சாலையில் சீத்தாப்பழக் கூடைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். சனி, ஞாயிறுகளில் வெளியூர்க் கார்கள் வந்து நிற்கும். இறங்குகிறவர்கள் முதலில் மலையைப் பார்ப்பார்கள், அப்புறம் தங்கள் முழங்காலைப் பார்ப்பார்கள், கடைசியில் பழம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டில் மழைத்தண்ணீர் தேங்கும். ஜவுளிக் கடை ஒலிபெருக்கிகள் ஒன்றை ஒன்று மிஞ்சிக் கத்தும். ஊரில் எல்லாரும் தை மாசிதான் நல்ல மாதங்கள் என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. தையில் எல்லாம் முடிந்துபோயிருக்கும். ஐப்பசியில்தான் எதுவும் இன்னும் முடிவாகாமல் இருக்கும். அது எனக்குப் பிடிக்கும்.

அப்படி எதுவும் முடிவாகாத ஓர் ஐப்பசியில் அக்காவின் தையல் கடைக்கு நான் செய்த காரியத்தைத்தான் சொல்ல வந்தேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் சிங்கவரம். நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பாவுக்கு நெல் மண்டியில் மூட்டை தூக்கும் வேலை என்பதால், நான் சிறுவனாக இருக்கும்போதே செஞ்சி டவுனுக்குக் குடிவந்துவிட்டோம். அக்கா எட்டாவதோடு நின்றாள். நின்றாள் என்று சுலபமாக எழுதிவிட்டேன். ஒரே வருடத்தில் இரண்டு பேருக்குப் புத்தகமும் துணியும் என்ற பேச்சு வந்தபோது, "தம்பி போவட்டும்" என்று அவளே சொன்னாள். கல்யாணமாகி, மாமா லாரியோடு வடக்கே போக ஆரம்பித்த பிறகு, எங்கள் தெருவிலேயே மகளோடு குடியிருக்கிறாள். நான்கு வருடம் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். விடியற்காலை வேன் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது அவள் மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். அந்தப் பெண் வகுப்பில் "என் அம்மா" என்று நாலு வரி எழுதச் சொன்னபோது, முதல் வரியாக "என் அம்மா வேனில் போவார்" என்று எழுதியிருந்தாள். நோட்டை எனக்குத்தான் காட்டினாள். நான் அக்காவிடம் காட்டினேன். காட்டியிருக்க வேண்டாமோ என்று பிறகு நினைத்தேன்.

அந்த ஆடியில் அக்கா வேலையை விட்டாள். வீட்டு முன்னால் தகரக் கூரை இறக்கி, மோட்டார் வைத்த ஒரு மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்க உட்கார்ந்தாள். வேன்காரர் நல்ல மனிதர். "கார்த்திகை வரைக்கும் உன் எடத்த வெச்சிருக்கேம்மா, தீபாவளி பாத்துட்டுச் சொல்லு" என்றார். ஒரு தையல் கடை நிற்குமா விழுமா என்பது முதல் தீபாவளியில் தெரிந்துவிடும். சொன்ன நாளில் சொன்ன ஜாக்கெட் வந்தால் பொங்கலுக்கும் வருவார்கள். வராவிட்டால், அடுத்த தெருவிலேயே மூன்று டெய்லர்கள் இருக்கிறார்கள்.

நான் எம்.ஏ. முடித்துவிட்டு, அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே ஒரு கம்ப்யூட்டர் கடையில் விண்ணப்பம் நிரப்பும் வேலை பார்க்கிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா என்று காலையிலிருந்து கூட்டம் நெரியும். அங்கே கூட்டத்தை அடக்குவது டோக்கன்தான். நம்பர் கொடுத்துவிட்டால் சண்டை இல்லை. அக்காவின் கடைக்கு ஒரு நாள் போனபோது எனக்கு மூச்சு முட்டியது. ஒவ்வொருத்தர் துணியையும் அவரவர் கொடுத்த அளவு ஜாக்கெட்டோடு சேர்த்து முடிச்சுப் போட்டு மலைபோல் குவித்திருந்தாள். எது யாருடையது என்று எங்கேயும் எழுதவில்லை.

"மறந்துட்டா இன்னா செய்வ?" என்றேன்.

"எப்டிடா மறக்கும்? அளவு ஜாக்கெட்டப் பாத்தா ஆளு தெரிஞ்சிடும்" என்றாள்.

நான் விடவில்லை. ஒரு நீள நோட்டு வாங்கிக் கட்டம் போட்டேன். நம்பர், பெயர், போன், மார்பு, இடுப்பு, நீளம், கை, கழுத்து. அளவு ஜாக்கெட்டிலிருந்து அளவெடுத்து எழுதிக்கொண்டு அதை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவது, துணியின் மேல் நம்பர் சீட்டு மட்டும் குத்தி வைப்பது. பாதி இடம் மிச்சமானது. அக்கா வெட்டி முடித்ததும் துண்டுகளைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, சீட்டு வெளியே தெரிகிற மாதிரி அலமாரியில் அடுக்கினோம். பார்க்க ஒரு ஆபீஸ் மாதிரி இருந்தது. "உன் தம்பி படிச்சது வீணாப் போவல" என்று வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அது தலைக்கு ஏறத்தான் செய்தது.

எங்கள் ஊரில் மழைக்காலம் என்றால் மலைக் குரங்குகள் டவுனுக்குள் இறங்கிவிடும். தகரக் கூரை கண்டால் அவற்றுக்குத் திருவிழா. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை, நாலைந்து குரங்குகள் அக்கா கடைக் கூரையில் ஓடிப் பிடித்து விளையாடியதில் தகரம் ஒன்று நகர்ந்துவிட்டது. தகரத்தின் மேல் கல் வைக்கிறேன் என்று நைனா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கல்லும் ஒரு வாரமாக வாசலிலேயே இருந்தது. அக்கா மதியம் சோறாக்க உள்ளே போன நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அவள் வந்து பார்க்கும்போது தண்ணீர் நேராக அலமாரியில் கொட்டிக்கொண்டிருந்தது.

எனக்குப் போன் வந்தது. "தம்பி, வாடா" என்று மட்டும் சொன்னாள்.

நான் போனபோது நாற்பத்தோரு சுருளும் தரையில் கிடந்தன. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை, நனைந்திருந்தது, அவ்வளவுதான். சீட்டுகள்தான் போயிருந்தன. நான் ஜெல் பேனாவால், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று, பெரிது பெரிதாக எழுதிய நம்பர்கள். சிலது நீலத் தீற்றலாக இருந்தது. சிலது கையில் எடுத்தால் கூழாகப் பிரிந்தது. நோட்டு வீட்டுக்குள் இருந்ததால் நனையவில்லை. ஓடிப்போய் எடுத்து வந்து விரித்தேன். பன்னிரண்டாம் நம்பர் யார், அவருக்கு இடுப்பு எவ்வளவு, போன் என்ன, எல்லாம் இருந்தது. பன்னிரண்டாம் நம்பர் துணி என்ன நிறம் என்பது மட்டும் இல்லை. அப்படி ஒரு கட்டம் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சுருள்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்பதை எடுத்துத் தனியாக வைத்தாள். "இதெல்லாம் யாருதுன்னு தெரியுது. மத்தது தெரியல" என்றாள். "முன்னல்லாம் துணி வாங்கும்போதே ஆளையும் கலரையும் மனசுல வெச்சுக்குவேன். நம்பரு இருக்குதேன்னு பாக்காம உட்டுட்டேன்டா."

கொஞ்ச நேரம் கழித்து, "வேன்காரருக்கு ஒரு போன் போட்டு வெச்சிடட்டுமா? எடம் வேற யாருக்காவது போயிடப் போவுது" என்றாள். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், அரிசி ஊற வைக்கட்டுமா என்று கேட்கிற மாதிரி. எனக்கு அந்த "என் அம்மா" நோட்டு கண்ணில் வந்து நின்றது.

"ஒரு நாள் பொறு. நான் எல்லாருக்கும் போன் பண்ணி நைசா கலர் கேக்கறேன்" என்றேன்.

"நைசாவா? தீபாவளித் துணி கொழம்பிப்போச்சின்னு ஒருத்திக்குத் தெரிஞ்சா போதும். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பூரா தெரிஞ்சிடும்."

அதற்குள் நைனா மண்டியிலிருந்து வந்துவிட்டார். வந்தவர் முதலில் வாசலில் கிடந்த கல்லைப் பார்த்தார், அப்புறம் எங்களைப் பார்க்காமல் தலையைத் துவட்டினார். அவருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். எடை மெஷின் பக்கத்திலேயே முப்பது வருடம் நின்றவர். "நோட்டுல அளவு இருக்குது. துணி கையில இருக்குது. டேப்பப் போட்டு அளந்தா இன்னா?" என்றார்.

அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். துணிகளையெல்லாம் வெட்டியாகிவிட்டது. அக்கா தையலுக்கு விடும் ஓரம் எல்லாருக்கும் ஒரே அளவுதான், அது அவள் கையின் பழக்கம். அந்த ஓரத்தைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது துணிக்குரிய அம்மாவின் அளவு. நைனா துணியைப் பிடிக்க, அக்கா அளக்க, நான் நோட்டில் தேடினேன். முதல் துண்டு பொருந்தியபோது மூன்று பேருமே கத்திவிட்டோம். கை பன்னிரண்டு அங்குலம் வைப்பது எங்கள் பகுதியில் ஒரே ஒருவர்தான், ஸ்கூல் சத்துணவு அம்மா. இரண்டு மணி நேரத்தில் இருபத்தோரு சுருளுக்கு ஆள் கிடைத்துவிட்டது. புதுச் சீட்டுகளை இம்முறை பென்சிலால் எழுதினேன்.

மீதி பதினொன்று. மார்பு முப்பத்தாறு, நீளம் பதினாலு, கை ஒன்பது. எதை எடுத்தாலும் அதேதான். கழுத்து ஆழமும் ஒன்று; வடிவத்தை அக்கா வெட்டும்போது வாயால் கேட்டதோடு சரி.

"எல்லாரும் ஒரே ரேஷன் அரிசியத் தின்னா அளவு மட்டும் எப்டி மாறும்?" என்றார் நைனா. அக்கா அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பூக்காரம்மா வந்துவிட்டார். நாலு மணிக்குக் கூடையோடு எங்கள் தெருவுக்கு வருகிறவர். எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது வரை அவருக்குத் தெரியும். அவர் ஜாக்கெட்டும் அந்தப் பதினொன்றில் ஒன்று.

"இன்னாம்மா, ஜவுளிக் கடையவே பிரிச்சுப் போட்டு வெச்சிருக்கீங்க?"

"மழையில நனைஞ்சிடிச்சிக்கா, காயப் போட்டோம்" என்றாள் அக்கா.

"அப்டியா, என்துது எது?"

அக்காவின் கை தானாக ஒரு துணியை நோக்கிப் போய், பாதி வழியில் நின்றது. நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று எழுந்தேன். அதற்குள் அக்காவே சொல்லிவிட்டாள். "தெரியலக்கா. சீட்டு அழிஞ்சிபோச்சு. உன்துது எதுன்னு எனக்குத் தெரியல."

பூக்காரம்மா கூடையை இறக்கினார். தரையில் கிடந்த துணிகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அந்தக் கத்திரிப்பூ கலரு" என்றார். "மீதி எத்தினி?"

"பத்து."

"கூப்புட்டுக் காட்டு. அவங்க அவங்க துணிய அவங்க அவங்க எடுத்துக்கட்டும்."

"மானம் போயிடும்க்கா."

"எந்த மானம்? ஒன் தம்பி கடைக்கு நான் பட்டாவுக்கு நாலு தபா நடந்தேன். நாலு தபாவும் சர்வர் போச்சு, சர்வர் போச்சுன்னு அனுப்பினான். அஞ்சாந்தபா போவாமயா இருந்தேன்? நீயும் சர்வர் நனைஞ்சிபோச்சின்னு சொல்லு." என் பக்கம் திரும்பி, "கோச்சிக்காத தம்பி" என்றார். கோபித்துக்கொள்ளும் நிலையில் நான் இல்லை.

தப்பு என்னுடையது, நான் பேசுகிறேன் என்று போனை எடுத்தேன். அக்கா வாங்கிக்கொண்டாள். "கடை என்துடா" என்றாள். அந்தப் பத்துப் பேரில் அவள் மிகவும் பயந்த ஆள் ஒரு டீச்சர். பட்டுத் துணி கொடுத்திருந்தார், இரண்டு முறை தேதியைக் கேட்டு உறுதி செய்துகொண்டவர். அவருக்குத்தான் முதலில் போன் போட்டாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. வைத்துவிட்டு, "வரேன்னு சொல்றாங்க. கொரல்ல ஒண்ணும் தெரியல" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. நைனா விடிந்ததும் முதல் வேலையாகத் தகரத்தின் மேல் கல் வைத்தார், ஒன்றுக்கு மூன்றாக. அக்கா அறைக்குள் கயிறு கட்டி, பத்துத் துணிகளையும் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். தீபாவளிக்கு எடுத்த துணியை அன்றைக்குக் காலை வரை யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பவர்கள் எங்கள் தெருப் பெண்கள். அப்படிப்பட்ட பத்துப் பேரின் ரகசியம் கொடியில் தொங்கியது. யாராவது சண்டைக்கு வரத்தான் போகிறார்கள் என்று நான் கதவோரம் நின்றேன்.

குடையை மடக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் வந்தவர் தன் துணியைத் தேடவே இல்லை. "ஏம்மே, இந்தப் பச்சை யாருது? பத்து பவுன் அடகுல இருக்குது, இந்தத் தீபாவளிக்குத் துணியே இல்லன்னு என்னாண்ட அழுதாளே, அவளுதா?" என்றார். "நான்தான், இப்ப இன்னா அதுக்கு?" என்று பின்னால் குரல் வந்தது. அதிலிருந்து அறையில் யார் பேசுவது யார் கேட்பது என்று தெரியவில்லை. ஒரே வீட்டு ஓரகத்திகள் இரண்டு பேர் வந்தார்கள். ஆடியிலிருந்து பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். சண்டை வரக் கூடாதென்று வீட்டு ஆண்கள் இருவருக்கும் ஒரே அரக்குச் சிவப்பில் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அளவும் ஒன்று, துணியும் ஒன்று. எது யாருடையது என்று அக்கா தவித்தாள்.

பெரியவர் அக்காவைப் பார்த்து, "எதக் குடுத்தா இன்னா, ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

சின்னவர் சுவரைப் பார்த்து, "இத ஆடியிலயே சொல்லியிருந்தா இம்புட்டுத் தூரம் ஆயிருக்காது" என்றார்.

அறை குலுங்கிவிட்டது. அவர்கள் இருவரும்கூடச் சிரித்தார்கள், ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டு.

டீச்சர் கடைசியாக வந்தார். சத்தம் அடங்கியது. சந்தன நிறப் பட்டைக் கிளிப்பிலிருந்து எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "கறை ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு நோட்டைக் கேட்டார். நான் கொடுத்தேன். விடைத்தாளைக் கொடுத்துவிட்டு நிற்கிற மாதிரி நின்றேன். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். "கையெழுத்து நல்லா இருக்கு. எம்.ஏ.வா? துணின்னா முதல்ல கண்ணுல படறது கலர். அதுக்கு மட்டும் ஒரு கட்டம் போடலயே தம்பி."

"எம்.ஏ.வுல அது சிலபஸ்ல இல்ல டீச்சர்" என்று வேடிக்கை பார்க்க வந்திருந்த பூக்காரம்மா சொல்ல, நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு வழி இல்லை. ஆனால் டீச்சர் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இது இல்லன்னா இன்னும் இருபத்தோரு பேரக் கூப்பிட்டிருக்கணும்" என்றதை நான் மறக்க மாட்டேன். என் படிப்பு பாதி உதவியாவது செய்திருக்கிறது.

அப்புறம் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. துணிகளை வெட்டியிருந்ததால் கழுத்து வடிவங்கள் எல்லாம் வெளியே தெரிந்தன. "இவளுக்கு மட்டும் பின்னால பானை கழுத்தா? எனக்கும் பைப்பிங் வெச்சிடு" என்று ஒருவர் ஆரம்பித்தார். "அப்ப எனக்குக் கயிறும் குஞ்சமும்" என்றார் இன்னொருவர். யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய பத்து ஜாக்கெட், பத்துப் பேர் பார்த்த பத்து ஜாக்கெட் ஆகிவிட்டது. அக்கா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "ஒருத்தர் ஒருத்தராச் சொல்லுங்கம்மா" என்று அதட்டினாள். கம்பெனியில் நான்கு வருடம் தலை குனிந்து தைத்தவளின் குரல் அப்படி வருமென்று எனக்குத் தெரியாது.

டீச்சர் கிளம்பும்போது தேதி கேட்கவில்லை. "பொங்கலுக்கு ரெண்டு இருக்கு. ஸ்கூல்லயும் சொல்றேன்" என்றார். அக்கா தலையாட்டினாள். அவர் குடை தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றாள்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு கடைசி ஜாக்கெட்டும் கொக்கி வைத்துப் போய்ச் சேர்ந்தது. அன்று சாயங்காலம் நான் கடையில் இருந்தேன். கம்பெனி வேன் வேலை முடிந்து வந்து தெருமுனையில் நின்றது. அக்காவோடு வேலை பார்த்த பெண்கள் இறங்கினார்கள். வேன்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னாம்மா, கார்த்திகை வரப்போவுது. எடத்த இன்னா பண்ண?" என்று கேட்டார்.

"வேற யாருக்காச்சும் குடுத்துடுண்ணே" என்றாள் அக்கா. மிஷினிலிருந்து எழுந்திருக்கவில்லை. காலருகில் அவள் மகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

இறங்கிய பெண்களில் ஒருத்தி கைப்பையிலிருந்து ஒரு துணியை எடுத்து மேஜையில் வைத்தாள். "இந்தத் தீபாவளிக்குக் கேக்கல. பொங்கலுக்குள்ள குடு, போதும். அளவு ஜாக்கெட்டு உள்ளயே இருக்குது."

நான் நோட்டை எடுத்தேன். புதுப் பக்கத்தில் கடைசியாக ஒரு கட்டம் போட்டு, மேலே "நிறம்" என்று எழுதி, அக்காவிடம் கேட்டேன். "இத இன்னா கலர்னு எழுத? நீலமா, பச்சையா?"

"ரெண்டும் இல்ல. மயில் கழுத்து" என்றாள். பிறகு என் கையிலிருந்து பேனாவை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, துணியின் ஓரத்தில் நக அளவு ஒரு துண்டைக் கத்தரித்தாள். அந்தக் கட்டத்துக்குள் அதை வைத்து ஸ்டேப்ளர் அடித்தாள்.

"இது மழைக்கு அழியாது" என்றாள்.

அளவு ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. துணியோடு சேர்த்து முடிச்சுப் போட்டு அலமாரியில் வைத்தாள். முடிச்சின் மேல் நம்பரும் இருந்தது, பென்சிலால்.